காற்றுக்கு உறுதி எழுதலாமா?

அன்புள்ள அண்ணைக்கு,

தென்மராட்சியில் கடனீரேரிக் கரையோடு எங்களுக்கு 16 பரப்புக் காணி இருக்கிறது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சீதனமாக வந்தது, இன்னும் பிரிபடவில்லை. உவர் ஏறித் தென்னையெல்லாம் பட்டுவிட்டது. போன மாதம் இரண்டு பேர் ஒரு படிவத்தோடு வந்தார்கள். கண்டல் (உவர்நீர்க் கரையில் வளரும் அலையாத்தி மரம்) நடுவோம், 30 வருசக் குத்தகை, கண்டல் காற்றிலிருந்து இழுக்கிற காபனை வெளிநாட்டுக் கம்பனிக்கு விற்று உங்களுக்கும் பங்கு தருவோம் என்றார்கள். அம்மாவுக்குச் சந்தோசம். எனக்குத்தான் பிடிபடவில்லை. காற்றில் இருக்கிறதை எப்படி விற்பது? அங்கே காற்றை உறிஞ்ச இயந்திரமே இருக்கிறதாமே, பிறகு ஏன் எங்கள் உவர்க் காணிக்கு வருகிறார்கள்? இதற்கெல்லாம் சட்டம் உண்டா?

(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று கிணற்றடிச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தேன். அதனால் சுண்ணாம்பிலிருந்தே தொடங்குகிறேன்.

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் வாளி கொதிக்கும். நீறின பாலைச் சுவரில் இழுத்துவிட்டால் முதல் நாள் கையில் ஒட்டும், போகப் போகக் கல்லாய் இறுகும். வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சித்தான் சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிறது. நீங்கள் கேட்ட இயந்திரத்தின் வேலையை என் கிணற்றடிச் சுவர் சத்தமில்லாமல் செய்கிறது. ஆனால் சூளைப் பக்கம் போய்ப் பாருங்கள். 100 கிலோ கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ வாயுவாய்ப் போய்விடும். சுவர் எத்தனை வருசம் உறிஞ்சினாலும் அந்த 44-ஐத் தாண்டாது. எரித்த விறகின் புகை வேறு. சுவரை மட்டும் காட்டி, காபன் அகற்றிவிட்டேன், சான்றிதழ் தாருங்கள் என்று நான் கேட்டால் எப்படியிருக்கும்? இந்தச் சட்டங்களின் பாதிப் பாடு, ஆளைச் சூளையடிக்கும் இழுத்துக்கொண்டுபோய்க் கணக்குக் கேட்பதுதான்.

கலிபோர்னியாவில் 2023இல் ஒரு கம்பனி இதே சுண்ணாம்பை வைத்துத்தான் தொடங்கியது. சூளை வாயுவைப் பிடித்துவைத்துக்கொண்டு, சுண்ணாம்பைத் தட்டுத் தட்டாகக் காற்றில் பரப்பி, உறிஞ்சினதும் மறுபடி சுடுகிறார்கள். வருசத்துக்கு 1,000 தொன். ஐஸ்லாந்தில் 2024இல் திறந்த பெரிய நிலையம் வருசத்துக்கு 36,000 தொன் பிடிக்கவென்று கட்டப்பட்டது. உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வெளிவிடுவது வருசத்துக்கு ஏறக்குறைய 37 பில்லியன் தொன். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த நிலையம் ஒரு வருசம் முழுக்க ஓடினால், உலகம் அரை நிமிடத்தில் விட்டதைப் பிடிக்கும். செலவோ தொன்னுக்கு நூற்றுக்கணக்கான டொலர். அமெரிக்கா 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில், காற்றிலிருந்து பிடித்து நிலத்தடியில் புதைக்கும் ஒவ்வொரு தொன்னுக்கும் 180 டொலர்வரை வரிச்சலுகை வைத்தும் கையைக் கடிக்கிறது. கண்டல் மலிவு. அதனால்தான் உங்கள் படலையடிக்கு வருகிறார்கள்.

சட்டம் உண்டா என்றால், உண்டு. 2015 பாரிஸ் உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரை, இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் வெளிவிடுவதும் அகற்றுவதும் சமப்பட வேண்டும் என்கிறது. அந்தச் சமன் என்ற ஒரு சொல்லில்தான் இவ்வளவு வியாபாரமும் தொங்குகிறது. நான் எரிக்கிறேன், நீ நடு, கணக்குச் சரி என்று சொல்ல அது இடம்கொடுத்துவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. எரிப்பதைக் குறைக்கிற கணக்கும் அகற்றுகிற கணக்கும் வேறு வேறு கொப்பியில் இருக்கவேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த சான்றிதழ் ஒழுங்குவிதி ஓரளவு நேர்மையானது. பல நூற்றாண்டுக்குப் பாறைக்குள் பூட்டிவைப்பதை நிரந்தரம் என்கிறது. மண்ணிலும் மரத்திலும் சேர்ப்பதை வேறொரு வகையாகப் பிரித்துவைக்கிறது. காரணம் உங்களுக்குத் தெரியும். பாறைக்குப் புயல் இல்லை. கண்டலைப் பன்னிரண்டாம் வருசம் புயல் பிடுங்கினால் காபன் காற்றுக்கே திரும்பும், ஆனால் அந்தக் காபனைக் காட்டிச் சான்றிதழ் வாங்கியவன் தன் எண்ணெயை எப்போதோ எரித்து முடித்திருப்பான். ஒற்றி வைத்த காணியென்றால் காசைக் கொடுத்து மீட்கலாம். இதில் எதை மீட்பது? அந்த நட்டம் யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் எந்த வரி சொல்கிறது என்று பாருங்கள்.

கனடாவின் மேற்குக் கரையில், ஹைடா குவாய் தீவில் ஒரு பூர்வகுடிக் கிராமம். 2012இல் கடலில் 100 தொன் அளவு இரும்புச் சேர்மம் கொட்டினார்கள்: பாசி பெருகும், காபன் அடியில் போகும், சால்மன் மீனும் பெருகும், காபன் கிரெடிட்டும் (அகற்றிய காபனுக்கான சான்று) விற்கலாம் என்று. ஊர் வாக்கெடுத்து, இரண்டு மில்லியன் டொலருக்கு மேல் தன் காசைப் போட்டது. பாசி பெருகியது. கிரெடிட் காசு வரவில்லை, விசாரணைதான் வந்தது. கடலில் கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் இலண்டன் நெறிமுறையில் அடுத்த வருசமே இதற்கென்று திருத்தம் எழுதினார்கள். போதிய நாடுகள் ஏற்காமல் அது நடைமுறைக்கு வராமலே இழுபட்டது. சட்டம் மாட்டு வண்டியில் வரும். கம்பனிக்காரர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள்.

இனி உங்கள் காணி. காபனுக்குப் புதுச் சட்டம் தேடுமுன் எங்கள் பழைய சட்டங்களைப் பாருங்கள். 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும். வந்தவர்கள் வைத்திருந்த படிவத்துக்கு அந்தப் பெறுமதி இல்லை. பிரிபடாத பங்கென்றால் பெரியம்மா வழியில் எல்லோரும், கனடாவில் இருக்கிறவர்களும், கையெழுத்து வைக்கவேண்டி வரும். இன்னொன்று, தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கையாளக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இது நியாயமா என்பது வேறு சண்டை. அதையும் ஒருநாள் எழுதுவேன்.

இதைவிட முக்கியம் தண்ணீர். சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் 1,000 ஹெக்டேயர் அளவில் கண்டல் நட்டார்கள். தப்பியது ஐந்தில் ஒரு பங்கு மட்டில். பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதுதான் பெரும் பிழை. கண்டலுக்குத் தண்ணீர் ஏறி இறங்க வேண்டும். தென்னை நின்ற மேட்டில் உவர் இருக்கிறது என்பதற்காகக் கண்டல் வளராது. மாரியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, கோடையில் நிலம் எங்கே வெடிக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். வந்தவர்கள் அதைக் கேட்டார்களா?

படிவத்தின் பிரதியை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறதென்றால் தமிழில் கேட்டு வாங்குங்கள். அதுவரை அப்பாவைக் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.