பல மாடல்களில் ஒரே உள்ளீட்டைச் சுத்தம் செய்யும் லாஜிக்கை எங்கே வைப்பது?

நீங்கள் ஜாங்கோவில் (பைத்தானில் வலைச் செயலி எழுதும் கட்டமைப்பு) நாலைந்து மாடல் (டேட்டாபேஸ் அட்டவணைக்கான கிளாஸ்) வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் சேவ் மெத்தடிலும் ஓர இடைவெளி வெட்டும் ஸ்ட்ரிப், எழுத்தை மாற்றும் ரீப்ளேஸ் என்று அதே வரிகளை ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ஒரு மிக்ஸின் (பல மாடல்களில் சேர்த்துக்கொள்ளும் பொது கிளாஸ்) எழுதி அதில் சேவ் மெத்தடை ஓவர்ரைடு செய்" என்று யாராவது சொல்வார்கள். நானும் அதைத்தான் செய்தேன். பெருமையாகக்கூட இருந்தது, ஒரு தை மாதம் வரைக்கும்.

மன்னார்குடி பக்கம் அறுவடை வண்டி வாடகைக்கு விடும் ஒருவருக்குப் புக்கிங் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். விவசாயி, புக்கிங், டிரைவர் என மூன்று மாடலிலும் ஊர்ப்பெயர் உண்டு; மூன்றுக்கும் ஒரே மிக்ஸின். சம்பா அறுவடை நெருக்கத்தில் எக்செல் தாளை ஏற்ற ஒரு பக்கம் கேட்டார். வேகமாக முடியட்டுமே என்று, பல வரிகளை ஒரே தடவையில் டேட்டாபேஸில் போடும் பல்க் கிரியேட் போட்டேன். அது சேவ் மெத்தடைக் கூப்பிடாது, சேவுக்கு முன் வரும் ப்ரீ சேவ் சிக்னலையும் அனுப்பாது. ஜாங்கோ ஆவணத்திலேயே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எனக்கும் தெரியும், அன்றைக்கு உறைக்கவில்லை.

அந்தத் தாளில் 'கோட்டூர்' என்பதன் இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக இருந்தன. செயலியில் இருந்ததோ சேர்ந்த ஓகாரக் குறி. கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு இரண்டு ஊர். டிரைவருக்குப் போன பட்டியலில் பாதிப் பேரைக் காணோம். "தம்பி, பெல்ட் வண்டி பக்கத்து வயல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சு, வானம் வேற கருக்குது" என்று ஒரு பெரியவர் எனக்கே போன் போட்டார்.

அப்புறம் செய்தது இது. ஜாங்கோவின் எழுத்து ஃபீல்டான சார்ஃபீல்டிலிருந்து ஊர்ப்பெயருக்கென ஒரு ஃபீல்டு உருவாக்கி, மதிப்பை டேட்டாபேஸுக்குத் தயார் செய்யும் அதன் கெட் பிரெப் வேல்யூ மெத்தடில் சுத்தம் செய்யும் ஃபங்ஷனைக் கூப்பிட்டேன்: என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்), ஓர இடைவெளி, ஸ்ட்ரிப் தொடாத அந்தக் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளி. சேவ், பல்க் கிரியேட், அப்டேட் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். முழுசாகப் பொருந்தும் எக்ஸாக்ட் தேடலில் தரும் சொல்லும் சுத்தமாகிவிடும், சொல்லின் பகுதியைத் தேடும் ஐகன்டெய்ன்ஸில் ஆகாது. சௌந்தரராஜனை ஔகாரக் குறியின் பின்பாதிக்கு ளகரம் போட்டு அடிப்பவர்களை என்எஃப்சியும் காப்பாற்றாது, அது தனி ரூல்.

மாடல் ஃபீல்டில் பிசினஸ் லாஜிக்கா என்று சண்டைக்கு வராதீர்கள். இடைவெளி வெட்டுவது பிசினஸ் லாஜிக் இல்லை. சேவ் ஆன பிறகும் கையிலிருக்கும் ஆப்ஜெக்டில் பழைய எழுத்தே நிற்கும் என்பது மட்டும் நியாயமான குறை. ரூபியின் வலைக் கட்டமைப்பான ரெயில்ஸ்காரர்களுக்கு 7.1-லேயே இதே வேலையைச் செய்யும் நார்மலைசஸ் வந்துவிட்டது, கொடுத்து வைத்தவர்கள்.

ஒன்று முக்கியம்: டேட்டாபேஸில் ஏற்கெனவே இருக்கும் பழைய வரிகளை உடனே சுத்தம் செய்யாவிட்டால், தேடும் சொல் சுத்தமாகி, அழுக்கு வரிகள் அகப்படவே அகப்படாது. சுத்தம் செய்தாலோ, இரண்டு வரி ஒன்றாகி, ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்னும் யூனிக் விதி மோதும். நான் அவற்றைக் கையால் சேர்த்துக்கொண்டிருந்த ராத்திரியில்தான் மாமா போன் செய்து பட்டா பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார். கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊரில் இருந்தால் அவ்வளவுதான், பிரின்டர்கூட என்னிடம் கிடையாது.