அலாரம் அடிக்காத சென்சார்: இழப்பீடு யாரிடம் கேட்பது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். ஓய்வுபெற்றபின் புதிதாக ஒரு மோட்டார்ஹோம் (வீடுபோல் தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) வாங்கினோம். எங்கள் சிறிய காரை, நான்கு சக்கரமும் தரையில் உருள, அதன் பின்னால் கட்டி இழுத்துச் செல்வோம். மோட்டார்ஹோமின் 6 டயர், காரின் 4 டயர், ஆக 10 வால்வுகளிலும் திருகும் காற்றழுத்த சென்சார்களை வாங்கிப் பொருத்தியிருந்தேன். சென்ற மாதம் நெடுஞ்சாலையில் காரின் பின் டயர் காற்றிறங்கிக் கிழிந்தது. அலாரம் அடிக்கவே இல்லை. காரின் தகடு நாசம்; பறந்த ரப்பர் பின்னால் வந்தவரின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டது. அவர் என்னிடம் பணம் கேட்கிறார். பழைய சென்சாரைத் திருப்பி அனுப்பினால் புதியது தருவதாகச் சென்சார் நிறுவனம் சொல்கிறது. அதற்குமேல் எதுவும் இல்லையாம். சென்சார் இல்லாமலே மோட்டார்ஹோமை விற்றவர் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: யாருக்கும் அடிபடவில்லை என்பதே பெரிய ஆறுதல். முதலில் ஒன்று: அந்தப் பழைய சென்சாரை அனுப்பிவிடாதீர்கள். கிழிந்த டயர், சென்சார், டிரைவர் முன்னால் இருந்த மானிட்டர் மூன்றையும் இப்போது இருக்கும் நிலையிலேயே பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

விற்றவர் மீதான வழக்கு நிற்காது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு 2000இல் இயற்றப்பட்ட ட்ரெட் சட்டத்தின்படி வந்ததே வாகனங்களுக்கான கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரம் 138. காற்றழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்கிறது அது. ஆனால் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்குள் இருக்கும் வாகனங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்; ஓர் அச்சில் இரட்டைச் சக்கரம் உள்ளவற்றுக்கும் விலக்கு உண்டு. முன்னால் 2, பின்னால் 4 என ஓடும் உங்கள் மோட்டார்ஹோம் அதற்குள் வராது. கார் 2007 செப்டம்பருக்குப் பின் தயாரானது என்றால் அதில் இந்த வசதி இருந்திருக்கும். அந்த விளக்கு எரிவது காரின் டாஷ்போர்டில். ஆளில்லாத காரில் விளக்கு எரிந்து யாருக்கு என்ன பயன்? இழுக்கும் வண்டிக்கும் செய்தி போக வேண்டும் என்று அந்தத் தரம் கேட்கவில்லை.

சென்சார் நிறுவனத்தின் கதை வேறு. வாரண்டி அட்டையில் 'மாற்றித் தருவோம்' என்று எழுதியிருப்பதோடு பொறுப்பு முடிந்துவிடாது. விற்கும் பொருள் அதன் சாதாரணப் பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற உள்ளார்ந்த வாரண்டி, சீரான வணிகச் சட்டத்தில் லூசியானா நீங்கலாக எல்லா மாநிலங்களும் ஏற்ற விற்பனைப் பகுதியில் இருக்கிறது. எழுத்துமூல வாரண்டி தரும் நிறுவனம் அதை அடியோடு மறுக்கக்கூடாது என்பது 1975ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டம். ஆனால் வாரண்டிக் காலத்தோடு அதையும் முடித்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆகவே வாங்கிய தேதியைப் பாருங்கள். 'தொடர் இழப்புக்கு (பொருளின் குறையால் பின்னால் நேரும் சேதத்துக்கு) பொறுப்பில்லை' என்ற வரி அட்டையில் இருந்தால், உடற்காயத்துக்கு அதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது. பொருள் சேதத்துக்குப் பெரும்பாலும் ஏற்கும். அதனால் உங்களுக்கு வலுவான வழி, குறைபாடுள்ள பொருள் வேறொரு சொத்தைச் சேதப்படுத்தியது என்ற தயாரிப்புப் பொறுப்பு வழக்கு. வாரண்டி வழக்குக்குப் பொதுவாக 4 ஆண்டு அவகாசம். தயாரிப்புப் பொறுப்பு வழக்குக்குப் பல மாநிலங்களில் 2 அல்லது 3 ஆண்டுதான்.

அவர்கள் என்ன வாதிடுவார்கள் என்று இப்போதே சொல்கிறேன். சென்சார் ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது பதிவு செய்தீர்களா, ஓடிச் சூடான பிறகா? மானிட்டருக்கும் காரின் பின்சக்கரத்துக்கும் நடுவே நீண்ட உலோக உடல் இருக்கிறதே, சிக்னலைத் தாண்டவைக்கும் ரிப்பீட்டர் பொருத்தினீர்களா? சென்சார் பேட்டரி தீர்ந்திருந்ததா? மானிட்டரில் பதிவான அமைப்புகளை அழியும் முன் படமெடுத்து வையுங்கள். 'டயர் நொடியில் வெடித்தது, எந்தச் சென்சாரும் முந்திச் சொல்லாது' என்பதும் வரும். இதற்கு டயரே சாட்சி. காற்றுக் குறைந்தபடி வெகுநேரம் ஓடிய டயரின் உள்சுவரில் தேய்ந்த வளையமும் மடிந்த தடங்களும் விழும். அது இருந்தால் அலாரம் அடிக்க நேரம் இருந்தது என்று நிபுணர் சொல்ல முடியும். டயரைக் குப்பைக்கு அனுப்பும் அவசரத்தில் நல்ல வழக்குகள் தொலைந்துபோவது எனக்கு உண்மையிலேயே வேதனை தரும்.

கண்ணாடி உடைந்தவர் உங்கள் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அலாரம் அடிக்காததால் மட்டும் நீங்கள் குற்றவாளியும் அல்ல, விடுபட்டவரும் அல்ல. டயர்களைப் புறப்படும் முன் பார்த்தீர்களா, அவை எவ்வளவு பழையவை என்றுதான் கேட்பார்கள். டயர் பக்கவாட்டில் உள்ள டி.ஓ.டி. (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2318 என்றால் 2018இன் 23ஆம் வாரம். அவருக்கு நீங்களே பதில் எழுதாதீர்கள், பணமும் தராதீர்கள். மோட்டார்ஹோம், கார் இரண்டின் இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கும் இன்றே தெரிவியுங்கள். தாமதித்தால் பாலிசியைக் காட்டி மறுக்க இடம் கொடுத்துவிடுவீர்கள். மூன்றாம் நபர் கோரிக்கையில் உங்களுக்காக வாதாடுவதும் பொதுவாக அவர்கள் கடமையே.

காரின் சேதத்துக்கான பணத்தைக் கொலிஷன் பாலிசியில் (உங்கள் சொந்த வண்டியின் மோதல் சேதத்துக்கான காப்பீட்டில்) வாங்கிக்கொண்டால், சென்சார் நிறுவனத்தைத் துரத்தும் உரிமை அந்த அளவுக்கு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் போகும். நீங்கள் கையிலிருந்து கட்டிய டிடக்டிபிள் தொகையை அவர்கள் வழியாகவோ, சிறு வழக்கு நீதிமன்றத்திலோ கேட்கலாம். புதிய சென்சாரோடு 'இனி உரிமை கோரமாட்டேன்' என்ற தாள் எதுவும் வந்தால் கையெழுத்திடாமல், வாரண்டி அட்டையோடும் ரசீதோடும் உங்கள் மாநில வழக்கறிஞரிடம் கொண்டு செல்லுங்கள்.