சர்வரில் ஒரு தரம், பிரவுசரில் ஒரு தரம்

கேள்வி: ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் செய்த செய்திப் பக்கம். சர்வரிலேயே ஹெச்டிஎம்எல்லாக்கி அனுப்புகிறேன். செய்தி வெளியான நேரம் முதலில் காலை 9 என்று வந்து, கண் இமைப்பதற்குள் பகல் 12 ஆகிவிடுகிறது. கன்சோலில் 'ஹைட்ரேஷன்' என்று சிவப்பாகத் திட்டு வேறு. எங்கே தப்பு?

பதில்: சர்வரின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடுகிறது, படிப்பவரின் போன் அவர் ஊர் நேரத்தில். அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் திட்டு ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த பத்து கோளாறுகளுக்கு அது உதவும். உங்கள் காம்போனென்ட் (பக்கத்தின் ஒரு பகுதியை வரையும் ஃபங்ஷன்) இரண்டு தரம் ஓடுகிறது. சர்வரில் ஓடும்போது கிடைப்பது வெறும் எழுத்துச் சரம். பிரவுசர் அதை உடனே காட்டிவிடும், ஆனால் பட்டனை அழுத்தினால் அசையாது. பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வந்து இறங்கி, அதே காம்போனென்டை மறுபடி ஓட்டி, ஏற்கெனவே திரையில் நிற்கும் ஒவ்வொரு டேகோடும் ஒப்பிட்டு, கிளிக் முதலானவற்றை மாட்டிவிடுகிறது. இதுதான் ஹைட்ரேஷன். ஒப்பிடும்போது 9க்கு எதிரே 12 நின்றால்? ரியாக்ட் 18 முதல் இதைப் பிழையாகவே எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள சஸ்பென்ஸ் எல்லை (பக்கத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் ரியாக்ட் உறை) வரை சர்வர் அனுப்பியதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வரைகிறது. சஸ்பென்ஸே போடவில்லை என்றால் முழுப் பக்கமும் போச்சு. சர்வர் பட்ட பாடு வீண்.

இரண்டு வழி உண்டு. நேர மண்டலத்தை நீங்களே குறிப்பிட்டு, இரு பக்கமும் ஒரே நேரத்தைக் காட்டலாம். இல்லை, படிப்பவரின் நேரம்தான் வேண்டுமென்றால், முதலில் தேதியை மட்டும் (அதுவும் யுடிசி தேதியாக) காட்டி, ரியாக்டின் யூஸ்எஃபெக்ட் ஃபங்ஷனுக்குள் மணியைச் சேருங்கள். யூஸ்எஃபெக்ட் சர்வரில் ஓடாது, ஹைட்ரேஷன் முடிந்த பிறகே ஓடும். எச்சரிக்கையை அமுக்கும் 'சப்ரஸ்ஹைட்ரேஷன்வார்னிங்' பக்கம் போக வேண்டாம். ரியாக்ட் 19இல் அதைப் போட்டால் திட்டு நிற்கும், சர்வரின் 9 மணியும் அப்படியே நிற்கும்.

ஒவ்வொரு தரமும் வேறு எண் தரும் மேத்.ராண்டமில் ஐடி உருவாக்குவது, பிரவுசரில் மட்டும் இருக்கும் லோக்கல்ஸ்டோரேஜைப் பார்த்து இருள் நிறமா வெளிர் நிறமா என்று முடிவெடுப்பது எல்லாம் இதே சாதிக் கோளாறுகள்தான். ஐடிக்கு, இரு பக்கமும் ஒரே ஐடி தரும் ரியாக்டின் யூஸ்ஐடி இருக்கிறது.

கேள்வி: லாகின் செய்தால்தான் திறக்கும் அட்மின் பக்கத்துக்கும் சர்வர் ரெண்டரிங் (சர்வரிலேயே ஹெச்டிஎம்எல்லாக்குவது) தேவையா?

பதில்: வேண்டாம். தேடுபொறி அங்கே எட்டிப் பார்க்கப் போவதில்லை. தினமும் அதையே திறந்து உட்காரும் நாலு பேருக்காக ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் ஒரு நோட் (Node) சர்வரைக் கட்டி மேய்க்காதீர்கள்.

கேள்வி: ஒருவருக்கு இன்னொருவரின் பெயர் தெரிந்ததாகப் புகார். என் கணினியில் எத்தனை முறை முயன்றும் வரவில்லை.

பதில்: வராது. உங்கள் கணினியில் நீங்கள் ஒருவர்தானே!

இந்தப் பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். ஃபைலின் தலைமாட்டில், எந்த ஃபங்ஷனுக்கும் வெளியே, 'லெட் கரன்ட்யூசர்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பிரவுசரில் மட்டும் ஓடிய காலத்தில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. அவரவர் டேபில் அவரவர் வேரியபிள். சர்வருக்குக் கொண்டுபோனதும், வருகிற எல்லோருக்கும் அந்த ஒரே வேரியபிள்தான். முதலாமவருடைய ரிக்வெஸ்ட் டேட்டாபேஸின் பதிலுக்காக 'அவெய்ட்'டில் காத்திருக்கும் இடைவெளியில், இரண்டாமவர் வந்து தன் பெயரை எழுதிவிட்டுப் போய்விட்டார். முதலாமவர் விழித்தபோது பக்கத்தின் வலது மூலையில் 'வணக்கம்' சொல்லி இருந்தது யாரோ ஒருவருக்கு. இரண்டு நாள் கேஷையே (மறுபடி காட்டச் சேமித்து வைத்த பக்கங்களையே) சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

பிடிக்கும் வழி: டேட்டா எடுக்கும் இடத்தில் முதல் யூசருக்கு மட்டும் 2 விநாடி தாமதத்தைப் புகுத்துங்கள். வெவ்வேறு குக்கியோடு, முதலாமவருடையது முந்தும்படி, இரண்டு ரிக்வெஸ்டை அடுத்தடுத்து அனுப்புங்கள். தானாக வெளியே வரும். பிறகு, யூசர் விவரம், ஸ்டோர் (பக்கத்தின் பொது டேட்டா) எல்லாவற்றையும் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் உள்ளேயே புதிதாக உருவாக்கி, உள் காம்போனென்டுகளுக்கு விவரம் கடத்தும் ரியாக்டின் கான்டெக்ஸ்ட் வழியாகக் கீழே அனுப்புங்கள். அதற்குப் பின்னும் புகார் வந்தால் அப்போது கேஷைப் பாருங்கள்: பெயர் போட்ட பக்கத்தின் கேஷ்-கன்ட்ரோல் ஹெடர் 'பிரைவேட்' அல்லது 'நோ-ஸ்டோர்' என்றிருக்க வேண்டும்.

கேள்வி: சர்வரில் எடுத்த டேட்டாவை ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபை செய்து (எழுத்துச் சரமாக மாற்றி) ஸ்கிரிப்ட் டேகுக்குள் வைக்கிறேன். ஒரே ஒரு பதிவு மட்டும் பாதியில் உடைகிறது.

பதில்: அந்தப் பதிவுக்குள் யாரோ ஸ்கிரிப்டை மூடும் டேகைத் தட்டச்சு செய்திருப்பார். அது மேற்கோள் குறிக்குள் இருக்கிறது என்பதெல்லாம், ஹெச்டிஎம்எல்லைப் படித்துப் பிரிக்கும் பார்சருக்குத் தெரியாது. மூடும் டேகைக் கண்டதும் மூடிவிடும். அதை அடுத்து ஒருவர் தன் ஸ்கிரிப்டை எழுதினால் அதுவும் ஓடும் என்பதையும் கவனியுங்கள். '<' குறி (டேகைத் தொடங்கும் கோணக் குறி) வரும் இடத்திலெல்லாம் அதன் யூனிகோட் எஸ்கேப்பை (\u003c) போட்டு அனுப்புங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள், நேரக் கோளாறு நாளைக்குக் காத்திருக்கலாம்.