கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் என்னாகும்?

கேள்வி: மதுரையில் 48 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வீட்டைப் பேசி முடித்திருக்கிறோம். முன்பணம் 5 லட்சம். மீதிக்குப் பெரும்பாலும் வங்கிக் கடனையே நம்பியிருக்கிறோம். ஆவண எழுத்தர் தந்த கிரைய ஒப்பந்த நகலில், சொத்தின் குறைகளை விற்பவர் தெரிவிப்பது, பழைய வரி பாக்கி, கடன் கிடைக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தருவது ஆகிய மூன்று ஷரத்துகளுக்கு எதிரே ‘தேவைப்பட்டால்’ என்று குறித்திருக்கிறார். மூன்றையும் எடுத்துவிட்டால் உடனே கையெழுத்திடுவதாக விற்பவர் சொல்கிறார். விடலாமா?

பதில்: முதல் இரண்டை எழுதாமல் விட்டாலும் சட்டம் உங்களுக்கு ஓரளவு துணை நிற்கும். மூன்றாவதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டறிய முடியாத, ஆனால் தமக்குத் தெரிந்த முக்கியக் குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்றும், கிரையத் தேதி வரையிலான வரிகளை அவரே செலுத்த வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆனால் மாறான ஒப்பந்தம் இல்லாத இடத்தில்தான் இந்தப் பிரிவு செல்லும். ஆகவே ஷரத்து இல்லாமலிருப்பதைக் காட்டிலும், ‘உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன்’ என்பது போன்ற ஒரு வரி வேறெங்கேனும் நுழைந்திருக்கிறதா என்பதையே நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

கடன் மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்தப் பிரிவில் விடை இல்லை. வங்கி கைவிரித்து, அதனால் நீங்கள் கெடுவுக்குள் பணம் கட்ட முடியாமற்போனால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களே ஆவீர்கள். கிரையத்தை நிறைவேற்றித் தரும்படி வழக்குத் தொடுக்கவும் வழியிருக்காது, ஏனெனில் பணத்தோடு தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை நிரூபிப்பவருக்கே நீதிமன்றம் அந்த நிவாரணத்தைத் தரும். கொடுத்த 5 லட்சம் அச்சாரமா (ஒப்பந்தத்தை நிறைவேற்றுவோம் என்பதற்கு உறுதியாகக் கொடுக்கும் பணம்), விலையின் ஒரு பகுதியா என்பதும் அப்போது பெரிய கேள்வியாகிவிடும். பறிமுதல் ஷரத்து தெளிவாக இருந்தால் அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம், விலையின் பகுதியாகக் கொடுத்த முன்பணத்தை அவ்வாறு வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில் கூறியது. உங்கள் நகலில் எந்தச் சொல் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

விற்பவரின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. நீங்கள் கடனுக்கு அலையும் வாரங்களில் அவர் வீட்டை வேறொருவருக்கு விற்க முடியாது. ஆகவே ஷரத்தைக் குறுக்கி எழுதுங்கள்: ஒப்பந்தத் தேதியிலிருந்து 45 நாட்களுக்குள் வங்கி கடனை எழுத்துமூலம் மறுத்தால், முன்பணம் முழுவதும் 15 நாட்களுக்குள் திரும்பத் தரப்படும். இதற்கும் அவர் ஒப்பவில்லையெனில், பத்திரங்களில் குறை கண்டு வங்கி மறுத்தால் முழுத் தொகையும், உங்கள் வருமானம் போதாதென்று மறுத்தால் ஒரு பகுதி கழித்தும் தரலாம் என்று பிரித்துக் கேளுங்கள். இதையும் மறுப்பவரிடம் 5 லட்சத்தைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: வீடு வாங்கும் ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதும், பதிவு அவரவர் விருப்பம் என்கிறார்களே?

பதில்: தமிழ்நாட்டில் அது விருப்பமன்று. இங்கே 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரைய ஒப்பந்தத்தை 2012 டிசம்பர் 1 முதல் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தத்தையும் கிரையத்தை நிறைவேற்றித் தரக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே கூறியிருப்பது உண்மைதான். ஆயினும் பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அதே வீட்டை விலைபேச வரும் அடுத்தவர் அதைப் பார்த்துவிடுவார்.