இரண்டில் எது பொய்?

கேள்வி: ஒரு சாட்சி மாஜிஸ்திரேட் முன்னால் சத்தியம் செய்து ஒன்றைச் சொல்கிறார். பிறகு கூண்டில் ஏறி, அதே சத்தியத்தோடு நேர்மாறாகச் சொல்கிறார். ‘பிறழ் சாட்சி’ என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இதைக் கேட்கச் சட்டமே இல்லையா?
- வாசகர், ராசிபுரம்

பதில்: இருக்கிறது. சட்டத்தைக் குறை சொல்லாதீர்கள், அதைப் பயன்படுத்தாதவர்களைக் கேளுங்கள்.

‘நான் சொன்னதில் எது பொய்? நிரூபியுங்கள் பார்க்கலாம்’ என்று சாட்சி தப்பித்துவிடக் கூடாது என்பதற்காகவே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 221-ஆவது பிரிவில் (இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 244) ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரைத் தடியால் அடித்ததைப் பார்த்தேன் என்று மாஜிஸ்திரேட்டிடம் சத்தியம் செய்கிறார் சாட்சி. செஷன்ஸ் கோர்ட்டில், அடிக்கவே இல்லை என்கிறார். எது பொய் என்று நிரூபிக்க முடியாவிட்டாலும் அவரைத் தண்டிக்கலாம். ஏழு ஆண்டு வரை சிறை. போலீஸிடம் சொன்னதை மாற்றிச் சொன்னால் இது பொருந்தாது. அதில் சத்தியமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

சரி, ஏன் நடப்பதில்லை? இதற்கு நீங்களோ நானோ வழக்குப் போட முடியாது. கோர்ட்டே புகார் கொடுக்க வேண்டும். தீர்ப்பு எழுதி முடித்த நீதிபதியின் மேஜையில் அடுத்த வழக்குக் கட்டு காத்திருக்கிறது.

கோகுல்ராஜ் கொலை வழக்கில் மட்டும் விடவில்லை. முக்கிய சாட்சியான பெண் பல்டி அடித்திருந்தார். 2022 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவரை வரவழைத்து, திருச்செங்கோடு கோயிலின் கேமரா பதிவை ஓடவிட்டுக் காட்டியது. அதில் இருப்பது தான் இல்லை என்றார். நீதிபதிகள் தாமாகவே நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையைத் தொடங்கினார்கள். செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சாதிக்காக ஒருவனைக் கொன்ற வழக்கில் சாட்சி சொல்ல வருபவரை ஊரும் உறவும் எப்படி நெருக்கும் என்பது நம் ஊரில் யாருக்குத் தெரியாது? மாற்றிச் சொன்னவரைப் பிடிக்கும்போது, மாற்றிச் சொல்லவைத்தவர் யார் என்றும் தேட வேண்டாமா?

உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்தால், மிரட்டல் எவ்வளவு என்று போலீஸ் ஐந்து வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். உங்களுக்குத் தெரிந்த சாட்சி யாராவது பயந்துபோயிருந்தால் இதைச் சொல்லுங்கள். கூண்டில் ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள்.