கேளுங்க, சொல்றேன்: நாலு வாரம் மட்டும் இருந்த ஆர்மி

கேள்வி: ஹிட்லரோட கடைசி நாட்களைப் பத்தி எந்த டாக்குமென்டரி பார்த்தாலும் அவரோட பாதாள பங்கருக்குள்ள எல்லாரும் வெங்க் வந்துடுவார், வெங்க் வந்துடுவார்னு சொல்லிட்டே இருக்காங்க. யார் சார் இந்த வெங்க்? அப்படி ஒரு படை நிஜமாவே இருந்துச்சா?

பதில்: இருந்துச்சு, ஆனா பங்கர்ல இருந்தவங்க நெனச்ச சைஸ்ல இல்ல. 1945 ஏப்ரல் 10 வாக்குல பெர்லினுக்கு மேற்கே எல்பே நதிப் பக்கம் அவசர அவசரமா சேர்த்த 12வது ஆர்மி அது. (1939லயே இதே நம்பர்ல ஒண்ணு ஆரம்பிச்சு பால்கன் பக்கமெல்லாம் போய் சண்டை போட்டுச்சு, அதோட இதைக் குழப்பிக்காதீங்க.) கமாண்டர் வால்டர் வெங்க், வயசு 44. பிப்ரவரி மாசம் பெர்லின் போய் ஹிட்லரைப் பார்த்துட்டு ராத்திரி திரும்புறப்போ டிரைவர் அசந்துட்டார்னு இவரே ஸ்டியரிங்கைப் பிடிச்சு, இவரும் கண்ணசந்து, காரைக் கொண்டுபோய் மோதி விலா எலும்பை உடைச்சுக்கிட்டவர், அது சரியா ஆறுறதுக்குள்ள இந்த வேலையைத் தலையில கட்டிட்டாங்க. கார் அவருக்கு ராசியே இல்ல போல, 1982ல செத்ததும் கார் விபத்துலதான்.

டிவிஷன் பேரெல்லாம் கேட்டா செம கெத்தா இருக்கும். ஷார்ன்ஹோர்ஸ்ட், கிளாஸ்விட்ஸ், உல்ரிஷ் ஃபான் ஹுட்டன், தியோடர் கோர்னர்னு பழைய பெரிய மனுஷங்க பேரா தேடித் தேடி வச்சிருந்தாங்க. உள்ள இருந்தது ராணுவ ஸ்கூல் கேடட்டுங்களும், லேபர் சர்வீஸ்ல (கட்டாய வேலைப் படை) மண்வெட்டி பிடிச்சிட்டிருந்த 17, 18 வயசுப் பசங்களும். டாங்கி ரொம்பக் கம்மி. முதல்ல இவங்களுக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா, ரூர் பகுதியில அமெரிக்கன் வளையத்துல சிக்கின ஜெர்மன் படையை மீட்குறது! அங்க 3 லட்சத்துக்கும் மேல கைதியாகி ஏப்ரல் 18க்கெல்லாம் கதையே முடிஞ்சிருச்சு. ஏட்டுச் சுரைக்காய்னு சொல்லுவோமே, அதேதான்.

கேள்வி: அப்புறம் பெர்லினைக் காப்பாத்த நிஜமாவே முயற்சி பண்ணாங்களா, இல்ல சும்மா பாவ்லாவா?

பதில்: ரெண்டும் கலந்த மாதிரிதான். ஏப்ரல் 22 மீட்டிங்ல, பெர்லினை நெருங்கின ரஷ்யப் படையை வடக்கேர்ந்து தாக்கச் சொன்ன ஜெனரல் ஷ்டைனர் நகரவே இல்லன்னு தெரிஞ்சதும் (அவர்கிட்ட ஆளே இல்ல, எங்க நகர்றது) ஹிட்லர் கத்தித் தீர்த்து, போர்ல தோத்தாச்சுன்னு அவர் வாயாலயே சொல்லிட்டார். அப்போதான் ராணுவத் தலைமையில இருந்த ஜெனரல் யோடல் ஒரு ஐடியா கொடுத்தார், அமெரிக்கனைப் பார்த்து நிக்குற வெங்கை அப்படியே கிழக்கே திருப்பிவிடலாம்னு. அன்னைக்கு ராத்திரியே ராணுவத் தலைமைத் தளபதி கைட்டல் நேர்ல போய் ஆர்டர் கொடுத்தார், வெங்க் மறுத்துப் பேசல, ஆனா மனசுல வேற கணக்கு. பெர்லினை மீட்கவே முடியாது, கிழக்கே ஒரு வழியைத் திறந்து வச்சா அங்க ரஷ்யன் வளையத்துல மாட்டிக்கிட்ட இன்னொரு ஜெர்மன் படை, 9வது ஆர்மியையும் அகதி ஜனங்களையும் மேற்கே கூட்டிட்டுப் போயிடலாம்.

28ஆம் தேதி எப்படியோ ஷ்வீலோ ஏரிக்கரையில ஃபெர்ஹ் கிராமம் வரைக்கும் போயிட்டாங்க, பெர்லின் நடுவுக்கு இன்னும் முப்பது சொச்சம் கிலோமீட்டர். வழியில பீலிட்ஸ் ஆஸ்பத்திரியில கிடந்த 3,000 காயம்பட்டவங்களை மீட்டாங்க, போட்ஸ்டாம்ல இருந்த படையும் ஏரி வழியா வெளிய வந்து சேர்ந்துக்கிச்சு. அதுக்கு மேல ஒரு அடி நகர முடியல. 29 ராத்திரி ஹிட்லர் தந்தி அடிச்சுக் கேட்டார், வெங்கோட முன்னணிப் படை எங்கன்னு. ஏரிக்குத் தெற்கே சிக்கி நிக்குதுன்னு பதில். மறுநாள் அவர் தற்கொலை. வெங்க் மட்டும் அங்கயே காத்துக்கிட்டிருந்தார், மே 1 அன்னைக்கு ஹால்பே காட்டுலேர்ந்து 9வது ஆர்மியில மிச்சம் இருந்தவங்க, சுமாரா 25,000 பேர், நடக்கக்கூட தெம்பில்லாம வந்து சேர்ற வரைக்கும். வராதவங்கதான் நிறைய. ஹால்பே கல்லறைத் தோட்டத்துல மட்டும் 20,000 பேருக்கு மேல புதைச்சிருக்காங்க.

கேள்வி: ரஷ்யன்ஸ்கிட்ட சிக்காம அமெரிக்கன்ஸ் இருந்த மேற்குக் கரைக்கு எல்பேயைத் தாண்டினவங்க ஒரு லட்சம்னு ஒருத்தர் எழுதுறார், மூணு லட்சத்துக்கு மேலன்னு இன்னொருத்தர். எது சரி? வெங்கை ஹீரோன்னு சொல்லலாமா?

பதில்: சோல்ஜர்ஸ் மட்டும் எண்ணினா ஒரு லட்சம் வாக்குல, ஜனங்களையும் சேர்த்தா மூணு லட்சத்துக்கு மேல போகுது. ஜனங்களை யாரும் வரிசையில நிக்க வச்சு எண்ணல, அதனால அந்தப் பெரிய நம்பரைக் கொஞ்சம் சந்தேகத்தோடவே படிங்க. மே 4 அன்னைக்கு ஷ்டெண்டால் ஊர்ல பேசி முடிச்சப்போ அமெரிக்கன்ஸ் போட்ட கண்டிஷன், சோல்ஜர்ஸ் சரணடையலாம், காயம்பட்டவங்க வரலாம், சிவிலியன்ஸ் கூடாது, பாலம் கட்ட நாங்க கை கொடுக்க மாட்டோம். டாங்கர்முண்டேல உடைஞ்சு கிடந்த பாலத்து மேல பலகை போட்டு ஒவ்வொருத்தரா நடந்தாங்க. ரஷ்யன் ஷெல் கரையில விழ ஆரம்பிச்சதும் அமெரிக்கன்ஸ் கொஞ்சம் பின்வாங்க, அந்த கேப்ல ஜனங்க திமுதிமுன்னு தாண்டிட்டாங்க.

ஹீரோ விஷயத்துல எனக்கு உடன்பாடில்ல. தலைமைத் தளபதியா இருந்த குடேரியனுக்கு வலது கையா ராணுவத் தலைமையகத்துல இருந்து கடைசி வரைக்கும் இந்தப் போரை ஓட்டினவங்கள்ல அவரும் ஒருத்தர். அந்த ரெண்டு வாரம் மட்டும் சொன்ன பேச்சைக் கேக்காம இருந்தார், அதுல நிறைய பேர் பொழச்சாங்க. வழியைத் திறந்து வைக்க முன்னாடி நின்னது அந்த 17 வயசுப் பசங்க, அவங்கள்ல நடுவுலயே செத்துப்போனவங்க பேரு பாலம் தாண்டினவங்க கணக்குல வராது.