ஏட்டுச் சுரைக்காயும் கான்ட்டின் பீரங்கியும்: கேள்வி பதில்

மேலை மெய்யியலில் கோட்பாட்டுக்கும் செயலுக்கும் உள்ள உறவு குறித்து இந்த வாரம் பதிலளிக்கிறேன். கிரேக்கர்களையும் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் மெய்யியலார் கான்ட்டையும் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்பதால் அவர்களைப் பற்றிக் கூடுதலாகப் பேசுவேன். தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை: கிரேக்கரான அரிஸ்டாட்டில் ‘ப்ராக்சிஸ்’ (செயல்) என்று எழுதும்போது பட்டறை வேலையைச் சொல்லவில்லை. இதை இன்று எத்தனை முறை சொல்ல நேருமோ, தெரியவில்லை.

கேள்வி: ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று நாம் சொல்கிறோம். மேற்கில் இப்படி யாரும் சொன்னதில்லையா?

பதில்: சொன்னார்கள், அதை மறுக்கவே கான்ட் 1793இல் பெர்லின் மாத இதழ் ஒன்றில் நீண்ட கட்டுரை எழுதினார். ‘கோட்பாட்டில் சரியாக இருக்கலாம், நடைமுறைக்கு ஆகாது’ என்ற ஜெர்மன் வழக்கு மொழிதான் அதன் தலைப்பே. அவர் காட்டும் பீரங்கிக்காரனைப் பாருங்கள். குண்டு போகும் பாதைக்குக் கணிதம் ஒரு கணக்குச் சொல்கிறது, களத்தில் குண்டு வேறிடத்தில் விழுகிறது, உடனே அவன் கணிதத்தை ஏளனம் செய்கிறான். அந்தக் கணக்கில் காற்றின் தடை சேர்க்கப்படவில்லை என்பதுதான் காரணம். ஆகவே அங்கே கோட்பாடு கூடிப்போகவில்லை, போதவில்லை என்கிறார் கான்ட்.

ஆனால் அவருடைய உண்மையான கோபம் பீரங்கியைப் பற்றியதன்று. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், மனித உரிமையெல்லாம் ஏட்டளவில் அழகு, ஆட்சிக்கு உதவாது என்று பேசியவர்கள் பலர். கடமை என்று அறிவு காட்டுவதை ‘நடைமுறைக்கு ஒத்துவராது’ என்று தள்ளிவைக்க அனுபவத்துக்கு அதிகாரமில்லை என்பதே அவருடைய வாதம். இவ்வளவும் சொன்னவர், அதே கட்டுரையில் ஆட்சியாளரை எதிர்த்துக் கிளர்ந்தெழும் உரிமை மக்களுக்கு இல்லை என்றும் எழுதினார். எனக்கு இன்றுவரை உறுத்தும் இடம் அது.

கேள்வி: வானத்தைப் பார்த்து நடந்து பழைய கிரேக்க அறிஞர் தேலீஸ் கிணற்றில் விழுந்தது உண்மையா?

பதில்: அவர் காலத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிந்திய பிளேட்டோ சொல்லும் கதை அது. அரிஸ்டாட்டில் சொல்லும் மறுகதையையும் படியுங்கள். ஒலிவ விளைச்சல் நன்றாக இருக்கும் என்று குளிர்காலத்திலேயே கணித்த தேலீஸ், செக்குகளை முன்பணம் கொடுத்துக் குத்தகைக்கு எடுத்து, அறுவடைக் காலத்தில் தான் கேட்ட வாடகைக்கு விட்டாராம்.

கேள்வி: அரிஸ்டாட்டில் கோட்பாடு, நடைமுறை என்று அறிவை இரண்டாகப் பிரித்தார் என்று படித்தேன். சரியா?

பதில்: மூன்றாகப் பிரித்தார். ‘தெயோரியா’ என்பதன் வேரில் இருப்பது பார்த்தல். மாறாதவற்றை அவற்றுக்காகவே அறிவது அது. பயன்படுத்திப் பார்ப்பதற்காகக் காத்திருக்கும் கருத்து என்று நாம் இன்று கோட்பாட்டுக்குக் கொடுக்கும் பொருள் அதில் இல்லை. ‘பொயேசிஸ்’ ஆக்கம்: வீடு கட்டுவதும் செருப்புத் தைப்பதும், செய்து முடித்த பொருளில் நிறைவு பெறுபவை. ‘ப்ராக்சிஸ்’ நன்றாக வாழ்வதும் நேர்மையாக நடந்துகொள்வதும். அங்கே செயலே நோக்கம். அதற்கு வேண்டிய விவேகத்துக்கு ‘ஃப்ரொனேசிஸ்’ என்று பெயர். இளைஞர் கணிதத்தில் தேர்ந்துவிடலாம், விவேகத்தில் தேர முடியாது, ஏனெனில் அதற்கு அனுபவமும் காலமும் வேண்டும் என்கிறார்.

கேள்வி: ‘கோட்பாடும் செயலும்’ என்ற தலைப்பில் ஐந்து பக்கக் கட்டுரை நாளைக்குள் வேண்டும்.

பதில்: எழுதிக்கொண்டு வாருங்கள், திருத்தித் தருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் இருபது ஆண்டாக, உலோகத்தைச் சுழற்றிச் சீவும் லேத்தில் வேலை செய்கிறவன். எங்கள் ஃபோர்மேன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். டூல் இறங்கும் சத்தத்தைக் கேட்டே ஃபீடை, அதாவது டூல் முன்னேறும் வேகத்தை, குறைக்கச் சொல்வார், அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும். கான்ட் சொல்வதுபோல் அவருக்கு இன்னும் கொஞ்சம் கோட்பாடு சேர்க்க வேண்டுமா?

பதில்: முதலில், இது பொயேசிஸ், ப்ராக்சிஸ் அன்று. அதை விட்டுவிட்டுப் பார்த்தால் நல்ல கேள்வி. 1945இல் ஆங்கில மெய்யியலார் கில்பர்ட் ரைல் ஓர் உரையில் இதற்கு விடை தேடினார். ஒன்று இப்படி என்று அறிவதும் ஒன்றைச் செய்யத் தெரிவதும் வேறு வேறு என்றார். சதுரங்கத்தின் நல்ல உத்திகள் அனைத்தையும் மந்தமான ஆட்டக்காரனுக்கு மனப்பாடமாக்கிவிட்டாலும், எந்த உத்தியை எப்போது எடுப்பது என்று அவனுக்குத் தெரியாது. அதற்கும் ஒரு விதி கொடுத்தால், அந்த விதியை எப்போது எடுப்பது என்பதற்கு இன்னொரு விதி வேண்டும். இதற்கு முடிவே இல்லை. உங்கள் ஃபோர்மேன் மனத்துக்குள் விதியைப் படித்துவிட்டுக் கையை அசைப்பதில்லை. கேட்பதிலேயே அறிவு இருக்கிறது.

கேள்வி: (அவரே) அப்படியென்றால் கான்ட் தோற்றார். அதோடு, பட்டறை வேலைக்குத் தனிப்பெயர் கொடுத்து நீங்கள் கீழே வைப்பதும் நியாயமில்லை. தொழிலை அடிமைகளிடம் விட்டிருந்தவர்களின் பிரிவினைதானே அது?

கேள்வி: (வேறொருவர்) கான்ட் தோற்கவில்லை. ரைலின் முடிவில்லாச் சங்கிலியை அவரே முன்பு சொல்லியிருக்கிறார்.

பதில்: இரண்டாமவர் சொல்வது சரி. ‘தூய அறிவின் விமர்சனம்’ என்ற நூலில், 1781இலேயே, விதியைப் பொருத்துவதற்கு இன்னொரு விதி தர முடியாது என்கிறார் கான்ட். எந்த இடத்தில் எந்த விதி பொருந்தும் என்று தீர்மானிக்கும் ஆற்றலைப் பழக்கலாம், கற்பிக்க முடியாது. அது இல்லாமைக்குத்தான் மடமை என்று பெயர், அதற்கு மருந்தில்லை என்று அடிக்குறிப்பில் கடுமையாகவே எழுதுகிறார். 1793 கட்டுரையிலும், பள்ளியில் சிறந்து விளங்கிய மருத்துவர் நோயாளி முன் திகைத்து நிற்பதை முதல் பக்கங்களிலேயே ஒப்புக்கொள்கிறார். பீரங்கிக்காரனுக்குக் குறைவது கோட்பாடு, மருத்துவருக்குக் குறைவது தீர்மானிக்கும் ஆற்றல். இந்த இரண்டு குறைகளையும் ஒன்றாக்கியதால்தான் நம் விவாதம் சூடேறியது.

முதலாமவருக்கு: நீங்கள் குத்திய இடம் சரியான இடம். கைத்தொழில் செய்பவருக்கு நல்ல அரசில் குடியுரிமை கூடாது என்று அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ என்ற தம் நூலில் எழுதியிருக்கிறார், அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆக்கமும் செயலும் வேறு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழுதில்லாத பூட்டைச் செய்யும் கையே பிறர் வீட்டுப் பூட்டைத் திருடவும் திறக்கலாம்: கைத்திறன் வேறு, நடத்தை வேறு.

கேள்வி: முடிவாக, கோட்பாடு பெரிதா, நடைமுறை பெரிதா?

பதில்: எதைவிட, எதற்கு என்று சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: கீதையின் கர்ம யோகத்தோடு ஒப்பிட முடியுமா?

பதில்: அது என் துறையன்று, வடமொழி மெய்யியல் கற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: உலகை விளக்கியது போதும், மாற்றுவோம் என்றாரே மார்க்ஸ். பிறகு இந்தப் புத்தகங்கள் எதற்கு?

பதில்: ‘போதும்’ என்ற சொல் அவருடையதன்று. 1845இல் தம் குறிப்பேட்டில் ஜெர்மன் மெய்யியலார் ஃபாயர்பாக்கைப் பற்றி எழுதிய பதினொன்றாவது குறிப்பு அது: மெய்யியலார் உலகைப் பலவாறு விளக்க மட்டுமே செய்தனர், அதை மாற்றுவதே முக்கியம். மார்க்ஸ் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1888இல் அதை அச்சிட்ட அவருடைய நண்பர் எங்கெல்ஸ் இடையில் ஓர் ‘ஆனால்’ சேர்த்தார். அந்தச் சிறு சொல்லால் விளக்குவதும் மாற்றுவதும் எதிரெதிரே நிற்பதுபோல் ஆகிவிட்டன. எழுதியவரோ அதன்பின் ஆண்டுக்கணக்கில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வாசிப்பறையில் உட்கார்ந்து படித்தார். அவருடைய ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதி 1867இல்தான் வந்தது.

கேள்வி: ஐயா, கோட்பாடா நடைமுறையா, எது உயர்ந்தது?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: (லேத் நண்பர்) பூட்டு உதாரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று. புதிதாக வரும் அப்ரெண்டிசை முதல் சில வாரம் மெஷினைத் தொடவிடாமல் பக்கத்தில் நிற்கவைத்து, ‘இது நல்ல சத்தம், இது கெட்ட சத்தம்’ என்று மட்டும் சொல்வோம். இது கோட்பாடா, செயலா?

பதில்: இரண்டும் அல்ல, எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டுகளைத் தீர்மானிக்கும் ஆற்றலின் நடைவண்டி என்றார் கான்ட். நம் வீடுகளில் குழந்தை தள்ளிக்கொண்டு நடக்குமே, அது போன்ற வண்டிதான். ஆனால் எடுத்துக்காட்டிலேயே பழகியவருக்கு விதியை அதன் பொதுமையில் பிடிக்கும் முயற்சி தளர்ந்துவிடும் என்றும் எச்சரித்தார். உலோகம் மாறினால் நல்ல சத்தமும் மாறுமே, அப்போது உங்கள் பையன்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள்.